தேயிலை மலையை ட்ரோன் வரைபடமாக்க: திறமூல மென்பொருளில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ட்ரோன் வரைபடம் பழக இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை சமவெளிக்காரர் எழுதியவை. வயல், கட்டுமானத் தளம், கடற்கரை என்று எல்லாமே தட்டையான இடங்கள். அதே அமைப்புகளைக் கொண்டுவந்து ஹப்புத்தளைச் சரிவிலோ பொகவந்தலாவை மலையிலோ போட்டாலும் ஏதோ ஒரு படம் வந்துவிடும், பார்க்க அழகாகவும் இருக்கும். உற்றுப் பார்த்தால்தான் மேட்டுப் பக்கம் ஓட்டை விழுந்திருப்பதும், லயன் (தொழிலாளர் வரிசை வீடு) கூரை நெளிந்திருப்பதும், தரை மாதிரியில் வரப்புகள் சீவப்பட்டிருப்பதும் தெரியும். மலையில் எல்லாக் கோளாறும் உயரத்திலிருந்துதான் தொடங்குகிறது. பறப்பது முதல் பகிர்வது வரை அதையே மையமாக வைத்து இதை எழுதுகிறேன்.

கணக்குகளுக்கு ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம்: தோட்டத்தின் ஒரு டிவிஷனில் இரண்டு லயன், அவற்றுக்கு மேலே தேயிலைச் சரிவு, மொத்தம் பத்து ஏக்கர். ஹெக்டேரில் சொன்னால் நாலு. கையில் இருப்பது 12 மெகாபிக்சல் கமரா கொண்ட சிறிய ட்ரோன், 8 ஜிபி நினைவகமுள்ள ஒரு மடிக்கணினி. இதுபோதும்.

எந்த மென்பொருள்

நடுநாயகம் ஓபன்ட்ரோன்மேப். 2014இல் தொடங்கிய திட்டம், திறமூல உரிமத்தில், அதாவது மூலநிரலை யாரும் பார்த்து, மாற்றி, பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் வெளிவருவது. ஒன்றின் மேல் ஒன்று விழும் படங்களில் பொதுவான புள்ளிகளைத் தேடி, ஒவ்வொரு படமும் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று கணித்து, அதிலிருந்து நிலத்தை முப்பரிமாணத்தில் கட்டியெழுப்பும். அதை உலாவியில் வைத்து இயக்குவதற்கான முகப்புத்தான் வெப்ஓடிஎம். ஒரே சொடுக்கில் நிறுவும் பொதியைக் காசுக்கு விற்கிறார்கள். மென்பொருளைத் தனிப் பொதியாக ஓட்டும் டோக்கர் என்ற கருவி வழியாக நீங்களே நிறுவினால் செலவில்லை. வேலை ஒன்றுதான்.

கிடைப்பவை நாலு. ஆர்த்தோ படம், அதாவது சாய்வும் கோணலும் நீக்கப்பட்டு அளவெடுக்கத் தகுந்த வான்படம். மேற்பரப்பு மாதிரி, அதாவது கூரை, மரம், செடி எல்லாம் சேர்ந்த உயரம். தரை மாதிரி, அவற்றை நீக்கிய வெறும் நிலத்தின் உயரம். கடைசியாக, இவற்றுக்கெல்லாம் மூலமான புள்ளித் திரள். இவற்றைத் திறந்து பார்க்க, அளக்க, அச்சிட கியூஜிஐஎஸ். தொலைபேசியில் எடுத்துக்கொண்டு மலையேற கியூஃபீல்ட். உலகத்தோடு பகிர ஓபன்ஏரியல்மேப், ஓபன்ஸ்ட்ரீட்மேப். எல்லாமே திறமூலம். 2004 சுனாமிக்குப் பின் அனர்த்த முகாமைத்துவத்துக்கான சஹானா மென்பொருளை இந்த மண்ணிலேயே எழுதித் திறமூலமாக வெளியிட்டார்கள் என்பதால், இலங்கையில் இது ஒன்றும் புது வழக்கமில்லை.

பறப்பதற்கு முன்

ட்ரோன் பதிவும் பறப்பு அனுமதியும் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் பொறுப்பு. பாதுகாப்பு அமைச்சின் இசைவும் தேவைப்படும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளை அடுத்து நாடு முழுவதும் ட்ரோன் பறப்பு நிறுத்தப்பட்டதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விதிகள் சூழ்நிலைக்கு ஏற்ப மாறும். பழைய தகவலை நம்பிக் கிளம்பாமல், அந்தந்த நேரத்து நிலையைக் கேட்டே போங்கள்.

அடுத்தது தோட்ட முகாமையாளரின் அனுமதி. அதோடு நின்றுவிடாதீர்கள். லயனில் இருப்பவர்களிடம் முதல் நாளே சொல்லுங்கள். பீலியில் குளிக்கும் நேரத்தில் தலைக்கு மேலே ஒன்று பறந்தால் யாருக்குக் கோபம் வராது? "தம்பி, எங்க காணிய அளந்து யாருக்குக் குடுக்கப் போறீங்க?" என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்கு நேரான பதில் உங்களிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்னும் பறக்கும் கட்டத்துக்கு வரவில்லை என்று அர்த்தம்.

காலம்: மேற்குச் சரிவுகளான ஹட்டன், மஸ்கெலியா பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை தோது. மே தொடங்கினால் தென்மேற்குப் பருவமழை. ஊவா பக்கம் மழை வடகிழக்குப் பருவத்தில். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காய்ந்திருந்தாலும் காற்று பலம். எங்கானாலும் காலையில், மூட்டம் ஏறுமுன் முடித்துவிடுங்கள். மூட்டத்துக்குள் எடுத்த படத்தில் மென்பொருள் பிடித்துக்கொள்ள எதுவுமே இருக்காது.

சரிவில் பறப்பது

தொடங்குபவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பறப்புச் செயலியில் 100 மீற்றர் என்று போட்டால், அது ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்து 100 மீற்றர். உங்களுக்குக் கீழேயுள்ள நிலத்திலிருந்து அல்ல. லயன் வாசலில் நின்று ஏற்றினீர்கள், சரிவின் உச்சி 50 மீற்றர் உயரத்தில் இருக்கிறது என்றால், உச்சிக்கு மேல் ட்ரோன் 50 மீற்றரில்தான் போகும். அப்போது ஒவ்வொரு படமும் மூடும் நிலத்தின் நீளம் பாதியாகிவிடும். படமெடுக்கும் இடைவெளியோ மாறவில்லை. 75 சதவீத ஓவர்லாப் (அடுத்தடுத்த படங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழும் அளவு) என்று அமைத்தது, கணக்குப் போட்டுப் பார்த்தால், உச்சியில் 50 சதவீதமாக விழுந்துவிடுகிறது. நிலம் 60 மீற்றர் உயர்ந்தால் 37 சதவீதம்தான் மிச்சம். ஓட்டை விழுவது இப்படித்தான். சவுக்கு மரத்தில் ட்ரோன் மோதுவதும் இப்படித்தான்.

சுலபமான வழி, சரிவின் உச்சியிலிருந்து ஏற்றுவது. கீழே போகப் போக நிலம் விலகும், ஓவர்லாப் கூடும், படத்தின் நுணுக்கம் மட்டும் சற்றுக் குறையும். அது தாங்கக்கூடிய நட்டம். இன்னும் நல்ல வழி, நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பின்தொடர்ந்து பறக்கும் திட்டத்தைப் போடுவது. ஆர்டுபைலட் வகை ட்ரோன் என்றால் மிஷன் பிளானர், கியூகிரவுண்ட்கொன்ட்ரோல் இரண்டும் இதைச் செய்யும், இரண்டும் திறமூலம். இப்படிப்பட்ட திட்டங்கள் நம்பியிருக்கும் இலவச உயரத் தரவு பலவேளை 2000ஆம் ஆண்டு விண்ணோடத்திலிருந்து ராடார் மூலம் எடுத்தது, 30 மீற்றருக்கு ஒரு புள்ளி. செங்குத்தான பாறையையும் பிறகு வளர்ந்த மரத்தையும் அது அறியாது. ஆகவே உச்சிக்கு மேல் தாராளமாக இடம் விட்டே திட்டம் போடுங்கள்.

தேயிலைக்கு முன்புற ஓவர்லாப் 80, பக்கவாட்டில் 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. தேயிலை மட்டம் எங்கு பார்த்தாலும் ஒரே பச்சை, ஒரே வடிவம். எந்தச் செடி எந்தச் செடி என்று மென்பொருள் குழம்பிவிடும். நமது பத்து ஏக்கரை 100 மீற்றரிலிருந்து எடுத்தால் ஓரங்களையும் சேர்த்து நூறு படத்துக்குள் முடிந்துவிடும். ஒரு பிக்சல் ஏறத்தாழ மூன்றரை சென்ரிமீற்றர். நேர்கீழே பார்த்தபடி ஒருமுறை எடுத்த பின், கமராவை 20 பாகை அளவு சரித்துக் குறுக்காக இன்னொரு சுற்றுப் போங்கள். இல்லாவிட்டால் முழு மாதிரியும் நடுவில் வீங்கியோ குழிந்தோ வளைந்துவிடும் ஆபத்து உண்டு. படத்தில் அது தெரியாது, உயரத்தில் தெரியும்.

உரப்பைக் குறிகள்

ட்ரோனின் சாதாரண ஜிபிஎஸ் இரண்டு மூன்று மீற்றர் தள்ளிக் காட்டும். அது பெரிய விஷயமா? ஏழு பேர்ச் காணி என்பது 177 சதுர மீற்றர். சதுரமாக நினைத்தால் ஒரு பக்கம் பதின்மூன்று மீற்றர் சொச்சம். மூன்று மீற்றர் நகர்ந்த வரைபடத்தில் உங்கள் காணியின் நாலிலொரு பங்கு பக்கத்து வீட்டுக்காரருடையதாகத் தெரியும். இப்படியொரு படத்தை லயனில் காட்டினால் சண்டைதான் மிஞ்சும்.

எனவே தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள், அதாவது இடம் துல்லியமாக அளக்கப்பட்டு, வானிலிருந்து தெரியும்படி தரையில் வைக்கும் குறிகள். குறைந்தது ஐந்து குறிகள், ஒவ்வொன்றும் மூன்று படங்களிலாவது தெளிவாகத் தெரிய வேண்டும். நாலு மூலைக்கும் நடுவுக்கும் வைத்தால் போதும் என்று சமவெளிக்குச் சொல்வார்கள். சரிவில் உச்சிக்கொன்று, அடிவாரத்துக்கொன்று, இடையில் உள்ளவை வெவ்வேறு உயரங்களில் என்று பரப்புங்கள். குறிக்குப் பழைய உரப்பையே நல்லது. அரை மீற்றருக்கு மேல் சதுரமாக வெட்டி, எதிரெதிர் இரண்டு முக்கோணங்களுக்குக் கறுப்பு அடியுங்கள். முனைகள் சந்திக்கும் இடம்தான் புள்ளி. வெறும் வெள்ளையாக விட்டால் வெயிலில் பளீரென்று வெளிறி நடுவைக் கண்டுபிடிக்க முடியாமல் போகும். நாலு மூலையிலும் கல் வையுங்கள். செடிகளுக்கு இடையே வைக்காமல் பாதையிலும் முற்றத்திலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் வையுங்கள்.

அந்தப் புள்ளிகளின் ஆயங்களை எடுக்க ஆர்டிகே கருவியோ (சென்ரிமீற்றர் அளவில் இடம் காட்டும் செய்மதிக் கருவி) நில அளவையாளரின் உதவியோ வேண்டும். தொலைபேசி ஜிபிஎஸ்ஸால் எடுத்துப் போடாதீர்கள். ட்ரோன் காட்டுவதைவிட மோசமாக்கிவிடும். கருவி கிடைக்கவில்லையா? குறிகளை வைத்து, இரண்டிரண்டு குறிகளுக்கு இடையிலான தூரத்தை நாடா பிடித்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வரைபடம் வந்தபின் கியூஜிஐஎஸ்ஸில் அதே தூரத்தை அளந்து பாருங்கள். இடம் தள்ளியிருந்தாலும் அளவாவது சரியா என்று அதில் தெரிந்துவிடும்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எவ்வளவு துல்லியமாக எடுத்தாலும் இது காணி உறுதிக்கான நில அளவைப் படம் ஆகாது. அது 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின்படி பதிவுபெற்ற நில அளவையாளரின் வேலை.

காணாமற்போகும் நூறு மீற்றர்

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம் என்று படித்திருப்போம். செய்மதியை நம்பும் கருவி அங்கே 1,770ஐ ஒட்டிய எண்ணைக் காட்டினால் கருவி பழுதில்லை. ஜிபிஎஸ் கணக்கிடுவது பூமியைச் சீரான நீள்கோளமாக வைத்து. உண்மையான கடல் மட்டமோ ஈர்ப்புக்கு ஏற்ப ஏறி இறங்குகிறது. அது உலகிலேயே மிகத் தாழ்ந்திருக்கும் இடம் நமக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில், நீள்கோளத்தைவிட 106 மீற்றர் கீழே. இலங்கை அந்தப் பள்ளத்தின் விளிம்பில் இருப்பதால் இரண்டு உயரங்களுக்கும் இடையே இங்கே ஏறத்தாழ நூறு மீற்றர் வித்தியாசம். ஐரோப்பாவில் இது பல இடங்களில் நாற்பது ஐம்பது, அதுவும் எதிர்ப்பக்கமாக.

இதனால் வரும் வினை: நில அளவையாளர் கடல் மட்ட உயரத்தைத் தந்திருப்பார், உங்கள் ஆர்டிகே கருவி நீள்கோள உயரத்தைத் தந்திருக்கும். இரண்டையும் ஒரே கோப்பில் கலந்தால் மென்பொருள் மலையையே முறுக்கிவிடும். புள்ளிகளின் உயரம் எந்த வகை என்று கேட்டு எழுதுங்கள். எல்லாம் ஒரே வகையாக இருக்கட்டும். கிடை ஆயங்களுக்கு உலகப் பொது வலையமைப்பான யூடிஎம்மின் 44 வடக்கு வலயத்தை எடுத்துக்கொள்ளலாம்; ஆய முறைகளுக்கான இபிஎஸ்ஜி குறியெண்ணில் அது 32644. நில அளவைத் திணைக்களத்து வரைபடங்களோடு சேர்க்க வேண்டுமென்றால் 1999 இலங்கை வலையமைப்பு, இபிஎஸ்ஜி 5235. கட்டுப்பாட்டுப் புள்ளிக் கோப்பின் முதல் வரியில் இந்த எண் வரும்; பிறகு ஒவ்வொரு வரியிலும் கிழக்கு, வடக்கு, உயரம், படத்தில் அந்தப் புள்ளி விழும் இரண்டு பிக்சல் எண்கள், படத்தின் பெயர். ஐந்து குறி, தலா மூன்று படம் என்றால் பதினைந்து வரி.

கணினியில்

டோக்கரையும், மூலநிரலை இறக்கும் கருவியான கிட்டையும் நிறுவி, வெப்ஓடிஎம் மூலக்கோப்புகளை இறக்கி, அதிலுள்ள தொடக்கக் கட்டளையை ஓட்டினால் உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் 8000 என்ற முகவரியில் திறக்கும். முதல்முறை இறக்கம் பெரியது. டேட்டா பொதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதன்பின் இணையமே வேண்டாம்.

நினைவகம்தான் எல்லை. ஓபன்ட்ரோன்மேப் ஆவணங்கள் தரும் வழிகாட்டல்: 40 படத்துக்கு 4 ஜிபி, 250க்கு 16, 500க்கு 32. நேர்கீழே எடுத்த நூறு படமே 8 ஜிபியில் விளிம்பில் நிற்கிறது, சரித்து எடுத்த சுற்றும் சேர்ந்தால் இன்னும் கூடும். விண்டோஸுக்குள் டோக்கருக்காக ஓடும் லினக்ஸ் (டபிள்யூஎஸ்எல்) இயல்பாகக் கணினியின் பாதி நினைவகத்தைத்தான் எடுத்துக்கொள்ளும் என்பதையும் கவனியுங்கள். அதாவது 8 இருந்தால் 4. அமைப்புக் கோப்பில் அதைக் கூட்டலாம். பாதியில் வேலை நின்று 137 என்ற எண்ணைக் காட்டினால் நினைவகம் போதவில்லை என்று பொருள். படத்தில் பிழை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். படங்களை ஏற்றும்போதே அளவைச் சுருக்கச் சொல்லலாம், அல்லது இடத்தை இரண்டாகப் பிரித்து ஓட்டலாம்.

அட் ப்ரொஜெக்ட் அழுத்தி, செலக்ட் இமேஜஸ் அன்ட் ஜிசிபி மூலம் படங்களையும் புள்ளிக் கோப்பையும் ஒன்றாகத் தெரிவுசெய்யுங்கள். முதல் ஓட்டத்துக்கு ஃபாஸ்ட் ஆர்த்தோபோட்டோ என்ற முன்னமைப்பு. அன்று மாலையே, மலையடிவாரத்தில் இருக்கும்போதே இதை ஓட்டிப் பாருங்கள். விடுபட்ட இடம் இருந்தால் மறுநாள் காலை எடுத்துவிடலாம். கொழும்புக்குப் போய்த் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி வருவது யாருக்கும் கட்டுப்படியாகாது. கூரை ஓரங்கள் பிய்ந்தது போலிருந்தால் கவலை வேண்டாம், இந்த வேகவழியின் குணம் அது. மின்சாரம் போய் வேலை நின்றால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. ரீஸ்டார்ட்டில் எந்தக் கட்டத்திலிருந்து என்று தெரிவுசெய்யலாம்.

திருப்தியானால் டிஎஸ்எம் பிளஸ் டிடிஎம் (மேற்பரப்பு மாதிரி, தரை மாதிரி) முன்னமைப்பில் இரண்டாம் ஓட்டம். இரவு படுக்கப்போகும்போது போட்டுவிடுங்கள். தேயிலையும் மரமும் நிறைந்த பகுதி ஒட்டாமல் போனால், ஒரு படத்தில் தேட வேண்டிய புள்ளிகளின் குறைந்தபட்ச எண்ணிக்கையை 10,000இலிருந்து 18,000 அளவுக்கு ஏற்றுங்கள்.

தரை மாதிரியில் ஒரு திருத்தம்

எது தரை, எது செடி என்று பிரிக்க ஓபன்ட்ரோன்மேப் பயன்படுத்துவது எஸ்எம்ஆர்எஃப் என்ற வடிகட்டி. அதில் ஸ்லோப் என்றொரு அளவு, இயல்பாக 0.15. நூறு மீற்றர் போனால் பதினைந்து மீற்றர் ஏறும் சாய்வு அது. நம்முடைய தேயிலை மலை 30 பாகை சரிந்தால் அந்த எண் 0.58. ஆக, இயல்பு அமைப்பில் விட்டால் சரிவையே ஏதோ கட்டடம் என்று நினைத்து வடிகட்டி சீவித் தள்ளிவிடும். வரப்பு, கல்லணை, பாதை வெட்டிய ஓரம் எல்லாம் மழுங்கிப்போகும். 0.4, 0.5, 0.6 என்று மாற்றி ஓட்டி, மூன்றையும் கியூஜிஐஎஸ்ஸில் ஹில்ஷேட் (மேடுபள்ளத்தை நிழலாகக் காட்டும் படம்) போட்டு ஒப்பிடுங்கள். கூடவே லயன் கூரை தரையில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்லோப்பைக் கூட்டினால் அந்த ஆபத்து கூடும்.

இன்னொரு விஷயம். படத்தில் தெரியாத தரையை எந்த வடிகட்டியாலும் கண்டுபிடிக்க முடியாது. மட்டமாக மூடிய தேயிலையில் தரை மாதிரி என்று வருவது பலவேளை செடியின் தலைதான். கவ்வாத்து வெட்டிய மலை என்றால் மண் தெரியும், கான் (வடிகால்) தெரியும், வெடிப்பிருந்தால் அதுவும் தெரியக்கூடும். தண்ணீர் எந்த வழியில் இறங்குகிறது என்று பார்க்கும் நோக்கமிருந்தால் கவ்வாத்துக் காலத்தை விசாரித்து வைத்து அப்போது பறக்கவிடுங்கள்.

முடிவில் ரிப்போர்ட் என்ற கோப்பைத் திறக்க மறக்காதீர்கள். ஓவர்லாப் படத்தில் பச்சை என்றால் ஐந்தோ அதற்கு மேலோ படங்கள் அந்த இடத்தைப் பார்த்திருக்கின்றன, சிவப்பென்றால் இரண்டுதான். சிவப்பான இடத்து உயரத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

பகிர்வது

2014 ஒக்டோபர் 29 மீரியாபெத்தையில் மண் சரிந்து லயன்களை மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாடு முழுவதும் சரிவுகளை உண்டாக்கியது. இப்படி நடந்த பிறகு வான்படங்களுக்குப் பஞ்சமில்லை. நடப்பதற்கு முன்னைய படம்தான் கிடைக்காது. ஆகவே உங்கள் பத்து ஏக்கரை மடிக்கணினிக்குள் பூட்டி வைக்காதீர்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தை எடுக்கும்போது பழைய புள்ளித் திரளை அலைன் கோப்பாகச் சேர்த்து ஓட்டினால் புதியது அதோடு பொருந்தி வரும். பிறகு இரண்டு தரை மாதிரிகளையும் கியூஜிஐஎஸ்ஸின் ராஸ்டர் கல்குலேட்டரில் கழித்தால் எங்கே மண் இறங்கியிருக்கிறது என்று காணலாம். அது ஆபத்தா இல்லையா என்ற தீர்ப்பை நீங்கள் சொல்லாதீர்கள். படத்தோடு, மண்சரிவு ஆபத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தை அணுகுங்கள்.

பகிர வேண்டியது ஆர்த்தோ படம். மூலப் படங்களை அல்ல; சரித்து எடுத்தவற்றில் முற்றத்தில் இருந்தவர்களும் கொடியில் காய்ந்த துணியும் தெரியும். கோப்பை இணையத்தில் பகுதி பகுதியாகத் திறக்கக்கூடிய ஜியோடிஃப் (கிளவுட் ஒப்டிமைஸ்ட் ஜியோடிஃப்) வடிவில் ஏற்றுமதி செய்து, படம் எடுத்த தேதி, கமரா விபரத்தோடு ஓபன்ஏரியல்மேப்பில் ஏற்றலாம். அங்கே உரிமம் கிரியேட்டிவ் கொமன்ஸ், பெயர் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்ற வகை. ஏற்றினால் திரும்பப் பெறுவது கடினம் என்பதால் தோட்டத்தாரிடமும் லயன்காரரிடமும் இதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்றியபின் கிடைக்கும் இணைப்பை ஓபன்ஸ்ட்ரீட்மேப் தொகுப்பியில் பின்னணியாக வைத்து லயன், கோவில், பாதை, பீலி எல்லாவற்றையும் வரையலாம்.

தொலைபேசிச் சமிக்ஞை எட்டாத மலைகளுக்கு கியூஜிஐஎஸ்ஸில் எம்பிடைல்ஸ் கோப்பாக மாற்றி கியூஃபீல்டில் போட்டுக்கொடுங்கள். பெரியவர்களுக்குப் பெரிய தாளில் அச்சு. அந்தத் தாளை வாசிகசாலையில் விரித்து வைத்தால் நாலாம் நம்பர் மலை எது, பழைய பங்களா பாதை எங்கே போகிறது, எந்த மூலையில் மழைக்குத் தண்ணீர் கிளம்பும் என்று அவர்களே விரல் வைத்துச் சொல்வார்கள். சொல்வதைப் பேனாவால் தாளிலேயே குறியுங்கள். பிறகு ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் இடும்போது தமிழ்ப் பெயருக்கான புலத்தில் தமிழிலும் சிங்களப் பெயருக்கான புலத்தில் சிங்களத்திலும் தனித்தனியாக எழுதுங்கள். கிராம அலுவலரும் மீட்புப் படையினரும் வாசிக்கப்போவது இந்த வரைபடத்தைத்தான்.